தாழம்பாறை வானொலியின் தொண்டைக் கரகரப்பு

எல்லா ஊரிலும் புத்திசாலிகள் கொஞ்சம், மற்றவர்கள் கொஞ்சம் என்று கலந்துதான் இருப்பார்கள். தாழம்பாறையில் அந்தக் கலப்படம் கிடையாது. ஊர் முழுக்க ஒரே தரம்.

அதற்காக அவர்களைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. சொன்ன சொல்லைத் தட்டாத குணத்தில் திருநெல்வேலிச் சீமையிலேயே அவர்களுக்கு ஈடு கிடையாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில், "தலையைக் குனிஞ்சு வாங்க, நிலை இடிக்கும்" என்றார்கள். குனிந்தார். நிமிரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குனிந்தபடியே பஜ்ஜி தின்று, குனிந்தபடியே தாம்பூலம் மாற்றி, குனிந்தபடியே பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். இவ்வளவு அடக்கமான மாப்பிள்ளையை நாங்கள் பார்த்ததில்லை என்று பெண் வீட்டார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணின் முகத்தை அவர் கல்யாணத்தன்றுதான் பார்த்தார்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு வானொலி நிலையம் வேண்டும் என்று ஆசை வந்தது. காரணம் வேறொன்றுமில்லை, பக்கத்து ஊரான கீழச்சேரலுக்கும் அதே ஆசை வந்திருந்தது. இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு சமுதாய வானொலிதான், யார் நிலையம் முதலில் தயாராகிறதோ அவர்களுக்கே உரிமம் என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். உடனே தாழம்பாறையில் ஒரு கமிட்டி பிறந்தது.

உலகப்பன் அண்ணாச்சி அரிசி ஆலை வைத்திருப்பவர். கமிட்டி கூடியது அவருடைய ஆலையில். அங்கே நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். அதனால் தலைவரானார். மாசானம் செயலாளர். அவர் எழுதியதை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது என்பதால் கமிட்டியின் ரகசியங்கள் வெளியே போகாது என்று நம்பினார்கள். தொழில்நுட்பப் பொறுப்பு கொம்பையாவுக்கு வந்தது. ஒருமுறை மாவு மில்லில் அவருக்குக் கரண்ட் அடித்து, வாய்க்காலில் போய் விழுந்து, பிழைத்து எழுந்து வந்தவர். மின்சாரத்தோடு இவ்வளவு நெருங்கிப் பழகியவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

அறிவிப்பாளர் அஞ்சுகம் டீச்சர். தையல் பள்ளி நடத்துகிறவர். வானொலியில் பேச வேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரல் எப்படி ஆகிவிட்டதென்றால், "நூலைக் கோத்துக்கோங்க" என்று பள்ளியில் சொன்னால், இரண்டு தெரு தள்ளிச் சோறு வடித்துக்கொண்டிருப்பவர்கள் ஊசியைத் தேடுவார்கள். துணி வெட்டும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், "நேயர்களே, வணக்கம்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். நேயர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்னையில் மூடிப்போன ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றிலிருந்து பழைய சாமான்கள் வந்து இறங்கின. இரண்டு மைக், இரண்டு ஒலிபெருக்கி, ஒரு சாக்கு நிறைய வயர், பிறகு வரிசை வரிசையாகத் திருகுகுமிழ்கள் வைத்த ஒரு பெரிய பெட்டி. அந்தப் பெட்டிக்கு மிக்சர் என்று பெயர். மிக்சர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு டம்ளரில் காப்பியோடு ஓடிவந்தவர்கள் சிலர் மனமுடைந்து திரும்பிப் போனார்கள்.

சாமான்களை ஆலையின் பக்கத்து அறையில் வைத்துக் கொம்பையா இணைத்தார். எந்த வயர் எந்த ஓட்டைக்குள் போகிறதோ அதுதான் அதற்குரிய ஓட்டை என்பது அவருடைய முறை. சுவிட்சைப் போட்டதும் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. அஞ்சுகம் டீச்சர் மைக் முன்னால் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நேயர்களே, வணக்கம்" என்றார். ஒலிபெருக்கியில் "நே... கொர்ர்... ணக்... டப்" என்று வந்தது. இடது பக்கம் பேசினால் வலது பக்கம் பேசவில்லை. பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் வலது பேசியது, இடது நின்றுவிட்டது.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசல பாத்தீரா" என்றார் உலகப்பன். "மரியாதை தெரிஞ்ச சாமான்."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து கடைசியில் தன் குரல் கொர்ர் என்றா வரவேண்டும்?

சாமான்களைக் கட்டி அனுப்பி வைத்தவர் லூர்துராஜ் என்ற மதுரைக்காரர், ஒலிக்கருவிகளைப் பழுது பார்ப்பவர். உலகப்பன் அவருக்குப் போன் போட்டார். லூர்துராஜ் அப்போது ஏதோ ஒரு பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார் போலிருக்கிறது, குரல் குகைக்குள்ளிருந்து வந்தது.

"பழைய சாமான்தானண்ணே. நாளாச்சுல்ல, கான்டாக்ட் எல்லாம் அழுக்கேறியிருக்கும். ஒண்ணுவிடாம எல்லாக் கான்டாக்டையும் க்ளீன் பண்ணுங்க. கரகரப்பு போயிரும்."

உலகப்பன் போனை வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொம்பையாவிடம் நீட்டினார்.

"கான்டாக்ட் எல்லாம் அழுக்கா இருக்காம். ஒவ்வொண்ணா வாசியும்."

கொம்பையா வாசித்தார். "மச்சான் பிச்சாண்டி."

"குளிச்சு நாளாச்சு. எடுத்துரும்."

"கான்ட்ராக்டர் குருமலை."

"அவரு வெள்ளைச் சட்டைதானவே போடுவாரு" என்றார் மாசானம்.

"சட்டை வெள்ளை. கை?"

மாசானம் யோசித்தார். "எடுத்துரும்."

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. பால்காரர் போனார், ஜோசியர் போனார், மூன்று கட்சிக்காரர்களும் பாகுபாடு இல்லாமல் போனார்கள். "வீடு" என்று ஒரு பெயர் வந்தபோது கொம்பையா நிறுத்தினார்.

"அது எம் பெஞ்சாதி. அவ சுத்தமானவ" என்றார் உலகப்பன்.

"ஒண்ணுவிடாமன்னு சொல்லியிருக்காரே அண்ணாச்சி."

உலகப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "எடுத்துரும்."

கடைசியாக ஒரு பெயர்தான் மிஞ்சியது. லூர்துராஜ்.

"இவரையுமா?" என்றார் டீச்சர்.

"சொன்னவரே அவருதானம்மா. அவரு பேச்சை அவருக்கே தட்டினா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிக் கொம்பையா அதையும் எடுத்தார்.

சுவிட்சைப் போட்டார்கள். கர்ர்ர். முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது போல் இருந்தது. லூர்துராஜைக் கேட்கலாம் என்றால் நம்பர் இல்லை.

நல்லவேளையாக மறுநாள் அவரே கூப்பிட்டார். போன் அடித்தது. நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பெயர் வரவில்லை, வெறும் எண்தான் வந்தது.

"தெரியாத நம்பரை எடுக்காதீங்கன்னு போன்லயே சொல்லுதான்" என்றார் மாசானம்.

"யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா எடுக்கலாம்லா?" என்றார் கொம்பையா.

"எடுக்காம எப்படிவே கேக்க?"

கடைசியில் தெரிந்துகொள்வதற்காக மட்டும் எடுப்பது என்று முடிவானது. உலகப்பன் எடுத்து, "யாரு?" என்றார்.

"லூர்துராஜ்ணே. மிக்சர் என்ன ஆச்சுன்னு..."

"நல்லது. இப்ப தெரிஞ்ச நம்பராயிட்டு. வச்சிட்டு மறுபடி கூப்பிடுங்க, எடுக்கோம்."

லூர்துராஜ் மறுபடி கூப்பிட்டார். பொறுமையான மனுஷன். அன்றைக்கு அந்தப் பொறுமை முழுசாக இருந்தது.

"க்ளீன் பண்ணியும் கரகரங்குதா? அப்ப களிம்புதாண்ணே. வயர் சொருகுற இடமெல்லாம் களிம்பு பிடிச்சுக் கெடக்கும். அந்த மாதிரிச் சாமானுக்குக் களிம்பு எடுத்தாத்தான் சத்தம் தெளியும்."

களிம்பு என்றால் தாழம்பாறைக்குத் தெரியாதா? கொம்பையா சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் தெய்வநாயகம் வெளியூர்க்காரர், படித்தவர், நோயைக் கேட்காமல் மருந்து கொடுக்காதவர்.

"களிம்பு வேணும்" என்றார் கொம்பையா.

"என்ன செய்யுது?"

"கரகரன்னு இருக்கு. பேச்சு விட்டுவிட்டு வருது. இடது பக்கம் வந்தா வலது பக்கம் வரமாட்டேங்கு."

தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு பக்கம் வரலையா? வயசு என்ன?"

"சரியாத் தெரியலை. பழசுதான்."

"உங்க வீட்டுல உள்ளவங்கதானே? வயசு தெரியாதா?"

"எங்க வீடு இல்ல. மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட இருந்திச்சு. அவரு இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாரு. சாக்குல கட்டி லாரில ஏத்தி விட்டாங்க."

"லாரியிலயா?" தெய்வநாயகத்தின் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. "இப்ப எப்படி இருக்கு?"

"தலையில ஒரு தட்டுத் தட்டினா பேசும். கையை எடுத்தா நின்னுரும்."

"தட்டுறீங்களா?"

"நாலு பேரும் மாத்தி மாத்தித் தட்டித்தான் பாக்கோம்."

தெய்வநாயகம் எழுந்து அலமாரியைத் திறந்தார். இந்த உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்திருப்பார். பிறகு ஒரு பெரிய டப்பி தைலக் களிம்பை எடுத்து வைத்தார். "இதை இதமாத் தடவுங்க. தட்டாதீங்க. போர்வையைப் போத்தி நல்லா வெந்நீர் ஆவி பிடிக்க வைங்க. மனுஷத்தன்மையோட நடந்துக்கோங்கய்யா, ஒரு நாளைக்கு நமக்கும் இந்தக் கதிதான்."

கொம்பையா இந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்து வழியெல்லாம் கலங்கிக்கொண்டே வந்தார்.

அன்று மிக்சரின் எல்லா ஓட்டைகளிலும், எல்லா வயர் முனைகளிலும் களிம்பு தடவப்பட்டது. டீச்சர் தன் விரலால் மைக்கின் கழுத்தைச் சுற்றி இதமாகத் தேய்த்துவிட்டார். பிறகு பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, அடியில் கொதிக்கும் வெந்நீர்ப் பானையை வைத்து ஆவி பிடிக்க வைத்தார்கள். கொம்பையா பானையிலும் பெட்டிக்குள்ளும் ரெண்டு ரெண்டு நொச்சி இலை போட்டார். பெட்டியின் குமிழ்களிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "நல்லா வேர்க்குது, காய்ச்சல் விட்டுரும்" என்றார் மாசானம்.

ஆவி பிடித்து முடித்துச் சுவிட்சைப் போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. கர்ர்ர் சுத்தமாக நின்றுவிட்டது.

கமிட்டி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது. உலகப்பன் கொம்பையாவின் தோளில் துண்டைப் போட்டார். டீச்சர் மட்டும் மைக் முன்னால் நின்று, "வணக்கம், வணக்கம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என் குரலும் நின்னுட்டே அண்ணாச்சி."

"வைத்தியம் முடிஞ்ச உடனே பேசுவாங்களா டீச்சர்? கொஞ்சம் படுத்து எந்திரிக்கட்டும்" என்றார் கொம்பையா.

பெட்டி படுத்தது, எழுந்திருக்கவில்லை. இதற்குள் அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டது. முதலில் தாழம்பாறைக்கு வருகிறார், சரியில்லை என்றால் அப்படியே கீழச்சேரலுக்குப் போவார் என்று செய்தி. கீழச்சேரலில் பந்தல்கால் நட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். உலகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி லூர்துராஜைக் கூப்பிட்டார். இம்முறை நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்கள்.

"ஒரு சத்தமும் இல்லையா?" என்றார் லூர்துராஜ். "அப்ப ஆண் பின்னு பெண் பின்னுக்குள்ள ஒழுங்கா உக்காரலண்ணே. ரெண்டும் லூசா நிக்கும். எது எதோட பொருந்துதுன்னு பாத்துச் சேத்து வைங்க. பொருந்தினா பேச்சு வந்துரும்."

உலகப்பன் போனை வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார். "பொருந்தினா பேச்சு வரும்ங்காரு. என் அனுபவத்துல பொருந்தலைன்னாத்தான் பேச்சு வரும்."

ஆனாலும் சொன்னதைச் செய்துதானே ஆகவேண்டும். சாக்கைக் கொட்டி, வயர்களைப் பாயில் பரப்பி, முனை நீட்டிக்கொண்டிருந்ததை ஒரு பக்கமும் குழியாக இருந்ததை ஒரு பக்கமும் வைத்தார்கள். உலகப்பன் நடுவில் உட்கார்ந்தார். மாசானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முனைகளில் பொடியாகப் பொறித்திருந்ததை வாசித்தார்.

"மாப்பிள்ளை ஜப்பான். பொண்ணு சைனா."

"இது எப்படி நடந்துச்சு? பெரியவங்க சம்மதிச்சாங்களா?"

"மெட்ராஸ்ல யாரு கேக்கா?" என்றார் கொம்பையா.

"அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "காலம் மாறிட்டு. மனசு ஒத்துப்போனாப் போதும்."

"மனசு ஒத்துப்போனா ஏன் டீச்சர் லூசா நிக்கி? அந்தந்த நாட்டுக்குள்ளேயே குடுத்து வாங்கியிருந்தா இந்தக் கரகரப்பு உண்டா?"

இது அவையில் எடுபட்டது. ஜப்பானை ஜப்பானோடும் சைனாவைச் சைனாவோடும் சேர்ப்பதென்று தீர்மானம் ஆனது. ஜப்பான் மாப்பிள்ளை தடியாக இருந்தார், ஜப்பான் பெண்ணின் குழி சின்னதாக இருந்தது, ஏறவே இல்லை. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, பிரிந்துவிடாமலிருக்க இரண்டையும் மஞ்சள் தடவிய நூலால் சேர்த்துக் கட்டினார்கள். முடிச்சு மூன்றையும் டீச்சர்தான் போட்டார், தையல்காரர் முடிச்சு அவிழாது. முன்பு ஓரளவாவது பொருந்தியிருந்த ஜோடிகள் எல்லாம் இப்படியாகப் பிரிக்கப்பட்டு, பொருந்தாத ஜோடிகள் எல்லாம் முறைப்படி சேர்க்கப்பட்டன. ஆளுக்கொரு வாழைப்பழம் சாப்பிட்டார்கள்.

சுவிட்சைப் போட்டார்கள். பேச்சு வரவில்லை.

"புதுசு. வெக்கப்படுது" என்றார் மாசானம்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள். வெக்கம் தெளியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. உலகப்பன் சுவரைப் பார்த்து நம்பரை அமுக்கினார். லூர்துராஜ் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலையாக இருந்தார். நாலு பக்கமும் ஆட்கள் அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வேகமாகச் சொன்னார்.

"அப்ப உள்ளாற எங்கயோ வயரு விட்டுப்போயிருக்குண்ணே. பெட்டியத் தொறங்க. விட்ட இடத்தப் பத்த வைங்க. பத்த வச்சிட்டு மறக்காம எர்த் குடுத்துருங்க. எர்த் குடுக்காம விட்டுராதீங்க, ஆபத்து." வைத்துவிட்டார்.

நால்வரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"பத்த வைக்கவா சொன்னாரு?" என்றார் மாசானம்.

"பத்த வைக்கத்தான் சொன்னாரு."

"நல்ல சாமானாச்சே."

"பெட்டியைப் பத்த வைக்கச் சொல்லலவே, விட்ட இடத்தை மட்டுந்தான் சொன்னாரு" என்றார் உலகப்பன். "கொம்பையா, எங்க விட்டிருக்கு?"

கொம்பையா மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே இத்தனை வயர் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "தெரியல அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. எல்லா இடத்தையும் பத்த வச்சிட்டா, விட்ட இடமும் அதுக்குள்ள வந்துரும்லா?"

இப்படி யோசிக்கிற ஒருவரைத் தொழில்நுட்பப் பொறுப்பில் போட்டதற்காக உலகப்பன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

"எர்த்துன்னா?" என்றார் மாசானம்.

"மண்ணு" என்றார் டீச்சர். அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

என்ன மண் என்பதில் விவாதம் வந்தது. செம்மண் என்றார் கொம்பையா, கடலை நன்றாக வரும். கரிசல் என்றார் மாசானம், பருத்திக்கு அதுதான். "நமக்கு வரவேண்டியது கடலையும் இல்ல, பருத்தியும் இல்ல. சத்தம்" என்றார் உலகப்பன். "சத்தம் விளைஞ்ச மண்ணா வேணும்." கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் மேளம் அடிக்கிற திடலிலிருந்து ஒரு பெரிய அண்டா நிறைய மண் அள்ளி வந்தார்கள். டீச்சர் அதைக் கல் இல்லாமல் சலித்தார்.

நல்ல நேரம் பார்த்து, தலைவர் என்ற முறையில் உலகப்பன் ஒரு கற்பூரத்தை ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தார். தைலக் களிம்பு, மஞ்சள் நூல், காய்ந்த நொச்சி இலை என்று உள்ளேயும் வெளியேயும் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. குப்பென்று பிடித்துக்கொண்டது.

"பத்திக்கிட்டு" என்றார் கொம்பையா மனநிறைவோடு.

உள்ளே டப், டப், டுப் என்று வெடித்தது.

"சத்தம் வருது அண்ணாச்சி" என்றார் மாசானம்.

டீச்சர் ஆசையோடு மைக்கை எடுத்து, "நேயர்களே, வணக்கம்" என்றார். பெட்டி டப் என்றது. "பதில் சொல்லுது" என்றார் கொம்பையா. புகை கண்ணை மறைத்தது. அரிசி மூட்டைப் பக்கம் ஒரு பொறி போனதைப் பார்த்ததும் உலகப்பன், "எர்த் குடுங்கவே" என்றார். நால்வரும் அண்டாவைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். தீ அணைந்தது. பெட்டி விளிம்பு வரை நிறைந்தது. கொம்பையா கையால் தட்டிச் சமப்படுத்திவிட்டார்.

சொன்னது எல்லாம் சொன்ன வரிசையிலேயே நடந்து முடிந்திருந்தது. ஆனாலும் பெட்டி பேசவில்லை. டீச்சர் மூலையில் போய் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கொடுத்து வைக்கலை. கீழச்சேரல்லயே யாராவது பேசட்டும்" என்றார். அதைக் கேட்டதும் உலகப்பன் போனை எடுத்தார்.

அவர் லூர்துராஜைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். களிம்பு, ஆவி, கல்யாணம், கற்பூரம், மண். மறுமுனையில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"அண்ணே" என்றார் லூர்துராஜ் கடைசியில். குரல் தளர்ந்திருந்தது. "பத்த வைக்கிறதுன்னா ஈயம் வச்சு ஒட்டுறதுண்ணே."

"அதை நீங்க சொல்லலியே."

"சொல்லலதான். எந் தப்பு."

"நாளைக்கு அதிகாரி வாராரு. இப்ப நாங்க என்ன செய்யணும்?"

அந்த இடத்தில்தான் லூர்துராஜின் பொறுமை தீர்ந்தது. "என்ன செய்யணுமா? போயி ஒங்க ஊரு தண்ணி டேங்க் மேல ஏறி நின்னு கத்துங்க." போன் அறுந்தது.

உலகப்பன் போனை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "மனுஷன் தங்கம்வே. கல்யாண வேலைக்கு நடுவுலயும் நமக்கு ஒரு வழி சொல்லுதாரு."

"வானொலிங்கற பேருலயே இருக்கே அண்ணாச்சி" என்றார் மாசானம் நெற்றியில் அடித்துக்கொண்டு. "வானத்துல இருந்து வாற ஒலி. நாம அறைக்குள்ள பெட்டியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

மறுநாள் காலை அதிகாரி தர்மசீலன் ஜீப்பில் வந்து இறங்கினார். மண் நிறைந்த பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். அவர் பல நிலையங்களைப் பார்த்தவர், எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பவர், பதிலுக்காக நிற்காதவர்.

"எர்த் கொடுத்திருக்கா?"

"விளிம்பு வரைக்கும் குடுத்திருக்கோம்" என்றார் கொம்பையா.

"தீத்தடுப்பு?"

"நேத்துதான் சோதிச்சுப் பாத்தோம். நல்லா வேலை செய்யுது."

"நல்லது. ஒலிபரப்பு எவ்வளவு தூரம் கேட்கும்?"

பதிலை டீச்சரே சொன்னார். தண்ணித் தொட்டியின் மேல் ஏறி நின்று, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்ததை எல்லாம் வெளியே விட்டார். "நேயர்களே, வணக்கம்! தாழம்பாறை வானொலி!" தொட்டி மேலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. செய்தி வாசித்தார், நெல் விலை சொன்னார், ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் முறை சொன்னார், ஒரு பக்திப் பாட்டும் பாடினார். மைக்கின் வயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழச்சேரலில் பந்தலில் காத்திருந்தவர்கள் தாழம்பாறை வானொலி தெளிவாகக் கேட்பதை ஒப்புக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாழைமரத்தைப் பிடுங்கினார்கள்.

தர்மசீலன் காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே, "கரகரப்பே இல்ல" என்று உரிமத்தைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஊர் கொண்டாடியது. எல்லா வீட்டிலும் பரணில் கிடந்த பழைய ரேடியோக்களை இறக்கித் துடைத்து வாசலில் வைத்திருந்தார்கள். முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் டீச்சர்தான். இவ்வளவு சுத்தமாக வேறு எந்த நிலையமும் எடுத்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

உச்சி வெயில் நேரத்தில் ஆலைக்கு ஒருவர் வந்தார். இசக்கிமுத்து, பஜனை மடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இடுப்பில் ரேடியோவைப் பிள்ளை போல இடுக்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நல்லாத்தான் பாடுது. ஆனா நான் கொஞ்சம் தூங்கணும். சுவிட்சைத் திருப்பி அமத்தினேன், அப்பவும் பாடுது. தலகாணியை வச்சு அமுக்கினேன், அப்பவும் பாடுது."

கொம்பையா ரேடியோவை வாங்கிப் பின்பக்கம் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை. அவர் இசக்கிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேட்டரியே இல்லாம எப்படிவே அமரும்? அமத்துததுக்குச் சக்தி வேண்டாமா? முதல்ல பேட்டரியைப் போடும், அப்புறமா அமத்தும்."

இசக்கிமுத்து தன் மடமையை நினைத்து வெட்கப்பட்டு, கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கிப் போட்டு, சுவிட்சைத் திருப்பினார். அதே நேரத்தில் டீச்சர் சாப்பாட்டுக்காகத் தொட்டியிலிருந்து இறங்கினார்.

ரேடியோ கப்பென்று நின்றது. செய்தி தெருத் தெருவாகப் பரவ, சாயங்காலத்துக்குள் தாழம்பாறையில் பேட்டரி தீர்ந்துபோய், கடைக்காரர் கீழச்சேரலுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அங்கேயும் எல்லோரும் வாங்கிவிட்டார்களாம்.